மாவு பொங்காத சனி, புல் காயும் ஞாயிறு: சித்தூர் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் குடியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லீவு நாளில் அடுப்படியில் புதிதாக எதையாவது செய்து பார்ப்பது, வெயில் ஏறுவதற்குள் பின்பக்கத்துப் புல்தரையைச் சரிபண்ணுவது என்று இரண்டு வேலையிலும் கை வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கிடைக்கிற குறிப்புகளோ கொச்சிக்கும் சென்னைக்கும் எழுதியவை. நம் ஊர்க் கணக்கு வேறு.

வேறு என்று சொல்லக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அது. ஜூன் முதல் மேற்கிலிருந்து ஈரக்காற்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று, மார்ச் ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற வெயில். கேரளம் என்றுதான் பேர், மழை மற்ற மாவட்டங்களைவிடக் குறைவு. மேற்கே போனால் செம்மண், செங்கல் பாறை. இங்கே பல இடங்களில் கரிசல். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. மாவும் புல்லும் கெடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த நான்குக்குள்ளேயே இருக்கும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் கோளாறு எதுவோ அங்கே போங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். உளுந்தின் அளவையும் கூட்டி, வெந்தயமும் சேர்த்து, பாத்திரத்தையும் இடம் மாற்றினால் மாவு பொங்கினாலும் எதனால் பொங்கியது என்று தெரியாது. புல்லுக்கும் அப்படித்தான். யூரியாவும் போட்டு, மருந்தும் அடித்து, தண்ணீரையும் கூட்டினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

இட்லி மாவு பொங்கவே இல்லை

முதலில் மாதத்தைப் பாருங்கள். மாவைப் பொங்க வைப்பது அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். 28 முதல் 32 டிகிரி வரை அவை நன்றாக வேலை செய்யும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் கிழக்குக் காற்று ஜன்னல் வழியாக வந்து அடுப்படி மேடையைக் குளிர வைத்துவிடும். மேடைக் கல்லில் வைத்த எவர்சில்வர் தூக்கு சீக்கிரமே சூட்டை இழக்கும். மாவைக் காற்று படாத அலமாரிக்குள், ஒரு பலகை அல்லது மடித்த சாக்கின் மேல் வையுங்கள். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள். எட்டு மணி நேரத்தில் பொங்காவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள்; அவசரப்பட்டு சோடா உப்புப் போட வேண்டாம்.

மாதம் சரியாக இருந்தும் பொங்கவில்லையா? அப்படியானால் உளுந்து. பாக்டீரியா உண்டாக்கும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் பசைதான். பழைய உளுந்தில் பசை குறைவு. இதற்கு ஒரு சோதனை உண்டு: அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டு எடுத்து, டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் காற்றேறியிருக்கிறது. கரைந்துகொண்டே அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் ஆட்ட வேண்டும். கால் மணி நேரம் கூடுதலாக ஆட்டியும் மிதக்கவில்லை என்றால் உளுந்தை மாற்றுங்கள், முறையை மாற்ற வேண்டாம்.

அடுத்து மிக்ஸி. கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருப்பதால் வெட் கிரைண்டர் இல்லாத வீடு இங்கே குறைவு. ஆனாலும் சோதனைக்கு ஒரு ஆழாக்கு என்று சிறிதாக அரைக்கும்போது மிக்ஸியைத்தான் எடுப்போம். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் மாவும் சூடாகிவிட்டது, பொங்க வைக்க வேண்டியவை பாதி அங்கேயே போய்விட்டன. ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள்.

ஏப்ரலில் கதை தலைகீழ். ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி, அமுங்கி, புளித்துவிடும். அரைக்கும்போதே உப்புப் போட்டால் புளிப்பு சற்று மெதுவாக ஏறும். வெந்தயத்தைக் குறையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அரைத்து, விடிந்ததும் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் இந்த ஊர் வெயிலுக்குச் சரி.

மாவு பொங்கியது, இட்லி கல்லாக இருக்கிறது

நாலுக்கு ஒன்று என்ற அளவு இட்லி அரிசிக்கானது. பாலக்காடன் மட்டை அரிசியில் செய்து பார்க்க நினைப்பவர்கள் அதே அளவை வைப்பதால்தான் கல்லாகிறது. மட்டையில் தவிடு அதிகம், தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். ஏழெட்டு மணி நேரம் ஊற வேண்டும். அப்புறமும் முழுக்க மட்டையிலேயே செய்த இட்லி கனமாகத்தான் வரும். நாலில் ஒரு பங்கு மட்டை, மீதி இட்லி அரிசி என்று தொடங்குங்கள். நிறமும் மணமும் வந்துவிடும், மென்மையும் போகாது. என்னைக் கேட்டால் அதற்கு மேல் மட்டையைக் கூட்டுவதில் லாபம் இல்லை.

பொங்கிய மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்கினாலும் இதே கதிதான். ஓரத்திலிருந்து அள்ளி ஊற்றுங்கள்.

ராமச்சேரி இட்லி முயற்சி: துணியில் ஒட்டுகிறது, நடுவில் வேகவில்லை

எலப்புள்ளிப் பக்கத்து ராமச்சேரிக்கு ஒருமுறை போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள் வீட்டில் செய்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய்க் குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. மண்பானையின் வாயில், நூலால் வலை பின்னிய மண் வளையம், அதன்மேல் ஈரத்துணி, துணியில் மாவைத் தோசைபோலப் பரப்பி, மேலே மூடி வேக வைப்பார்கள். தட்டையாக, துவாரம் துவாரமாக இருக்கும்.

வீட்டில் இட்லிச் சட்டியின் மேல் துணியை இழுத்துக் கட்டிச் செய்யலாம். துணியில் ஒட்டினால் இரண்டு காரணம். ஒன்று, துணி சரியாக நனையவில்லை. நனைத்துப் பிழிந்து, பருத்தித் துணியையே போடுங்கள். பாலியஸ்டர் கலந்தது ஆகாது. இரண்டு, வெந்ததும் உடனே பிய்க்கிறீர்கள். துணியோடு எடுத்துத் தட்டில் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, அரை நிமிஷம் விட்டு, ஒரு ஓரத்திலிருந்து உரியுங்கள். தானாகக் கழன்று வரும்.

நடுவில் வேகாமல் கொழகொழவென்று இருந்தால் துணி தொய்ந்து, மாவு நடுவில் குளம் கட்டியிருக்கும். துணிக்குக் கீழே ஒரு கம்பி வலை தாங்கலாக இருந்தால் தீர்ந்தது. மேல்புறம் மட்டும் ஈரமாக இருந்தால் மூடியிலிருந்து நீர் சொட்டுகிறது. மூடியைத் துண்டால் சுற்றி மூடுங்கள்.

ஆப்பத்துக்கு ஓரம் வரவில்லை

ஆப்பத்தில் ஓரம் ஒரு பேச்சு, நடு ஒரு பேச்சு. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மாவு ஊற்றிச் சட்டியைச் சுற்றும்போது, சுற்றி முடிப்பதற்குள்ளேயே மாவு பிடித்துக்கொண்டால் சட்டி அதிகச் சூடு, அல்லது மாவு கெட்டி. பிடிக்காமல் வழுக்கி முழுவதும் நடுவுக்கு வந்துவிட்டால் சூடு போதவில்லை. இரண்டு துளி தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சத்தம் வந்து மறைய வேண்டும், உருண்டோடக் கூடாது. அந்தச் சூட்டில் ஊற்றிச் சுற்றிவிட்டு, தீயைக் குறைத்து மூடுங்கள். ஓரம் வெள்ளையாகவே நின்றால் மாவில் அரை ஸ்பூன் சர்க்கரை குறைகிறது.

நடு பஞ்சாக எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் கப்பி காய்ச்சாமல் விட்டிருப்பீர்கள். அரைத்த பச்சரிசி மாவில் ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் விட்டு, கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு மாவில் கலப்பதுதான் கப்பி. சூட்டோடு கலந்தால் ஈஸ்ட் செத்துவிடும், அன்றைக்கு ஆப்பம் இல்லை. சோற்றை அரைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு; பரவாயில்லை, ஆனால் கப்பியின் நெகிழ்வு அதில் வராது.

சித்தூர் கள்ளுக்குப் பேர்போன ஊர். கள் விட்டுப் புளிக்க வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நேரம்தான். காலையில் இறக்கிய இனிப்பான கள்ளில் ஈஸ்ட் உயிர்ப்போடு இருக்கும். வெயில் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே மாவு தயாராகிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் காடியாகும். காடியான மாவை ஆப்பமாக்கப் போராடாதீர்கள். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பணியாரம் ஊற்றிவிடுங்கள்.

சட்டியில் ஒட்டுவது இரும்புச் சட்டியில் மட்டும்தான் பிரச்சினை. சோப்பு போட்டுத் தேய்ப்பதை நிறுத்தி, நல்லெண்ணெய் தடவி வைத்தால் நாலைந்து முறைக்குள் பழகிவிடும்.

மோர்க்குழம்பும் தேங்காய்ப்பாலும் திரிகின்றன

இரண்டுக்கும் ஒரே காரணம், கொதி. தயிரின் புரதம் சூடு ஏற ஏற இறுகி, தண்ணீரை விட்டுப் பிரிகிறது. அரைத்த தேங்காயோடு ஒரு ஸ்பூன் ஊறிய அரிசியையும் சேர்த்து அரைத்தால் அதன் மாவுச்சத்து புரதங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கும். தயிரைக் கடைந்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் நுரை கூடி வரும்போதே இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் இஷ்டுவில் (ஸ்டூ) முதல் பால் கடைசியில்தான், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

புட்டு உதிர்கிறது, அல்லது கட்டியாகிறது

பிசறிய மாவைக் கைப்பிடியில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கிழக்குக் காற்று மாதங்களில் பிசறி வைத்த மாவு பத்து நிமிஷத்தில் மறுபடி காய்ந்துவிடுகிறது. ஈரத்துணி போட்டு மூடுங்கள், குழலில் போடும் முன் திரும்பவும் பிடித்துப் பாருங்கள். கட்டி விழுந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று.

இனிப் பின்பக்கம்.

புல் மஞ்சளாகிறது

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கிற புகார் இது, அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கிறதும் இதைத்தான். மஞ்சள் என்றதும் யூரியா மூட்டையைத் தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். குனிந்து ஒரு தண்டைக் கிள்ளி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

அடியில் உள்ள பழைய இலை மஞ்சள், நுனிக்குருத்து பச்சை என்றால் தழைச்சத்துக் குறைவு. சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியா போதும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 100 கிராம் வரும். புல் காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட்டுக் கழுவி இறக்குங்கள். பனி ஈரத்தில் தூவினால் இலையில் ஒட்டிக் கருக்கும்.

குருத்து மஞ்சள், அதுவும் நரம்பு பச்சையாகக் கோடு கோடாகத் தெரிய, நடுவில் வெளிறியிருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. கரிசலில் சுண்ணாம்பு அதிகம், மண் காரத்தன்மை உடையது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நாம் விடும் போர் தண்ணீரும் சேர்ந்து அதை மோசமாக்குகிறது. இங்கே யூரியா போட்டால் புல் வேகமாக வளர்ந்து இன்னும் வெளிறும். உரக்கடையில் அன்னபேதி உப்பு கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு அரை எலுமிச்சம்பழச் சாறு. சாயங்காலம் இலை நனையும்படி தெளியுங்கள். பத்து நாளில் புதுக்குருத்து பச்சையாக வரும். பழைய இலை தேறாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிமெண்டுத் தளத்திலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை பிடித்துப் போகாது, அதனால் ஓரத்துக்குச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மேற்கே செம்மண் பக்கத்துச் சொந்தக்காரர்கள் புல்லுக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். அவர்கள் மண் புளிப்பு மண், அங்கே அது மருந்து. நம் கரிசலில் அது விஷம் மாதிரி. தயவுசெய்து போடாதீர்கள்.

அடுப்படியிலிருந்து புல்லுக்கு வருவதையும் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். உப்புப் போட்ட மாவு, ஊறுகாய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர், கஞ்சித்தண்ணீரில் உப்புக் கலந்தது, எதுவும் வேண்டாம். ஏற்கனவே உப்பு ஏறிய மண்.

வட்ட வட்டமாகக் காய்கிறது

வட்டம் எப்படி இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விடிகாலையில், பனி உலர்வதற்கு முன் போய்ப் பாருங்கள்.

திட்டின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளை இழை தெரிந்தால் பூஞ்சை. ஜூலை ஆகஸ்ட் ஈரத்தில் வருவது. ராத்திரி தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள், யூரியாவையும் நிறுத்துங்கள், வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளுங்கள். வெயில் இரண்டு நாள் அடித்தாலே பாதி நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் மருந்து.

நடு செத்து, சுற்றிலும் கரும்பச்சையாக ஒரு வளையம் தழைத்திருந்தால் நாய் சிறுநீர். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கிவிடுங்கள்.

மைனாவும் காக்காவும் ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தால் வேர்ப்புழு என்று சந்தேகப்படுங்கள். திட்டின் ஓரத்தில், பாதி பச்சை பாதி காய்ந்த இடத்தில், ஒரு அடிக்கு ஒரு அடி மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் வெட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி மடக்குங்கள். வேர் அறுந்த புல் எதிர்ப்பே இல்லாமல் சுருண்டு வரும். கீழே மூன்று விரற்கடை ஆழத்துக்குள் வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, வளைந்து படுத்திருக்கும் புழுக்கள். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், மடக்கியதைத் திருப்பி மூடித் தண்ணீர் விடுங்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் வேலை இருக்கிறது: பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், வேப்பம் புண்ணாக்குப் பொடியைத் தூவுங்கள், மண் ஈரமாக இருக்கும்போது மெட்டாரைசியம் பூஞ்சைக் கரைசலை ஊற்றுங்கள். தென்னையில் காண்டாமிருக வண்டின் புழுவுக்குப் போடுவதும் மெட்டாரைசியம்தான். கோடைமழை விழுந்த ராத்திரிகளில் வேப்பமரத்தில் மொய்க்கிற வண்டுகள்தான் இந்தப் புழுக்களின் தாய். மரத்தை உலுக்கிப் பிடித்து அழித்தால் அடுத்த வருஷம் பாதி பாரம் குறையும்.

திட்டு கோடையில் காய்ந்து, மழையில் தானாகப் பச்சையானால் கீழே கட்டடம் கட்டிய கழிவு கிடக்கிறது. கடப்பாரையைக் குத்தினால் ணங்கென்று சொல்லும். தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

தென்னைக்கடியில் புல் நிற்கவில்லை

அருகம்புல் நிழலில் நிற்காது. எத்தனை முறை நட்டாலும் நிற்காது. நர்சரியில் பஃபலோ புல் என்று விற்கும் அகல இலைப் புல் ஓரளவு நிழல் தாங்கும், அதை நடுங்கள், வெட்டும் உயரத்தை 5 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள். மரத்தைச் சுற்றியுள்ள பாத்தி தென்னைக்கே சொந்தம். அங்கே புல் வேண்டாம்.

கோரை

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரை. பிடுங்கினால் தண்டு வரும், கிழங்கு மண்ணிலேயே நிற்கும், ஒன்றுக்கு இரண்டாகக் கிளம்பும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, முள்கரண்டிக் கொத்தால் நெம்பி, கிழங்கு, அதைத் தொடுத்திருக்கும் வேர்க்கயிறு எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். குப்பைக்குழியில் போடாதீர்கள், சிமெண்டுத் தரையில் காயவிடுங்கள். பல வீடுகளில் கோரை வந்த வழி லோடு மண்தான். மண் இறக்கும்போதே ஒரு கூடையைச் சலித்துப் பாருங்கள். கறுப்பாக, மிளகைவிடப் பெரிய கிழங்கு கண்ணில் பட்டால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

மழையில் குளம், கோடையில் வெடிப்பு

கரிசலின் குணம், மாற்ற முடியாது, பழக்கலாம். ஈரமாக இருக்கும்போது நடக்காதீர்கள், அது மண்ணை இறுக்கிவிடும். ஓரளவு காய்ந்ததும் கொத்தால் நாலு விரற்கடை ஆழத்துக்குத் துளை போட்டு, மட்கிய தென்னை நார்க்கழிவும் பருமணலும் கலந்து துளைக்குள் கூட்டித் தள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு எளிதில் கிடைக்கும். மட்காததை வாங்காதீர்கள், அதில் உப்பு இருக்கும், மட்குவதற்குப் புல்லின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். வெடிப்பிலும் இதே கலவையை நிரப்பலாம்.

காய்ந்த இடத்தில் ஒட்டுப் போட்ட புல் பிடிக்கவில்லை

காலம் தப்பியிருக்கும். ஜூன் ஜூலை, அல்லது துலா மழையோடு அக்டோபர், இந்த இரண்டு சமயம்தான். ஜனவரியில் போட்ட ஒட்டைக் கிழக்குக் காற்று இரண்டே நாளில் உலர்த்திவிடும். செத்ததைச் சுரண்டி எடுத்து, மண்ணைக் கிளறி, பக்கத்துத் தரையைவிட ஒரு விரல் கீழே சமன்செய்யுங்கள். கணுவுள்ள தண்டுகளை மூன்று விரற்கடை இடைவெளியில் நட்டு, பலகை போட்டு ஏறி மிதியுங்கள். முதல் பத்து நாள் காலை மாலை லேசாகத் தண்ணீர். பாயாக வாங்கிப் போட்டிருந்தால் மூன்றாவது வாரம் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். எதிர்த்து இழுத்தால் வேர் இறங்கிவிட்டது, முதல் வெட்டு வெட்டலாம். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து புல் தேறவில்லை என்றால் பஞ்சாயத்துக் கிருஷி பவனுக்கு மண் மாதிரி கொண்டு போங்கள். ஐந்தாறு இடத்தில் மேல்புல்லை நீக்கி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். உரம் போட்ட சூட்டோடு எடுக்காதீர்கள், முடிவு தப்பாக வரும். கார அமிலத் தன்மை, உப்பின் அளவு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அதே நாளில் ஒரு பாட்டில் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.